உப்புப் பார்க்காத கறி

கோழிக்கு அக்கட்டால, அந்தப் பக்கம் வரிசை கண்ணு. இது பன்னிக்கறிக்கு. ஓ, இதுக்குத்தான் வந்தியா? அப்பச் சரி. வா, என்ற முன்னால நின்னுக்க. பரவாயில்லை, நின்னுக்க. எல்லாம் ஆம்பளைகளா நிக்கற எடத்துல ஒரு பொம்பளைப் புள்ள வந்து நிக்கறது எனக்கு எத்தனை ஒத்தாசைன்னு உனக்குத் தெரியாது. முக்காட்டை இப்பத்தான் எடுக்கறேன் பாரு.

பேச்சைக் கேட்டாத் தெக்கத்திப் புள்ள மாதிரி இருக்குது. தேனியா? அதான பாத்தேன். பனியன் கம்பெனியா? ரூமுல எல்லாப் புள்ளைகளும் சேந்து ஆக்கித் திங்கறீங்களா? நல்லது, நல்லது. ஞாயித்துக்கெழமை ஒரு நாளாவது வாய்க்கு ருசியாத் தின்னோணுமில்ல.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. உங்க ஊர்ப்பக்கம் இதை எப்பிடி ஆக்குவீங்க? இல்லை, சும்மாத்தான். நான் இங்க வந்து நிக்கறப்பெல்லாம் பக்கத்துல நிக்கறவங்களைக் கேட்டுருவேன். ஒருத்தரு மெளகை எச்சாப் போடுங்கறாரு. ஒருத்தரு தேங்காயைச் சில்லுச் சில்லாக் கீறிப் போடுங்கறாரு. ஒருத்தரு, தண்ணியே ஊத்தாதீங்க, அதோட கொழுப்புலயே வேகட்டும்ங்கறாரு. எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன் கண்ணு. ஒண்ணும் சரியா வரலை.

எனக்கு இல்லை. எங்க வூட்டுக்காரருக்கு. நான் இதைத் தொடமாட்டேன். எங்க பொறந்த வூட்டுல இந்தப் பேரைச் சொன்னாலே எங்கம்மா வாயைக் கொப்புளிக்கச் சொல்லும்.

எங்க வூட்டுக்காரரைப் பத்தி உனக்குத் தெரியாது. இந்த ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பிரைவேட் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தாரு. கண்டக்டர் பொங்கியண்ணன்னா காங்கயம் வரைக்கும் தெரியும். ஏறுறவங்க எறங்கறவங்க அத்தனை பேருகிட்டயும் பேச்சு. உன்ற மகனுக்குப் பொண்ணு அமைஞ்சுதா, உன்ற எருமை கன்னு போட்டுதா, எல்லாம் கேப்பாரு. வூட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. எனக்குக் காதே வலிக்கும். செத்த நேரம் சும்மா இருங்களேன்னு நானே எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்.

போன தை மாசம், பொங்கல் கழிஞ்சு, காத்தால பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்பிடியே செவுத்தோரமாச் சாஞ்சுட்டாரு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருச்சுன்னாங்க. உசுரைக் காப்பாத்திக் குடுத்துட்டாங்க, அதுக்குக் கையெடுத்துக் கும்புடறேன். ஆனா வலது கையும் காலும் வுழுந்துருச்சு. பேச்சும் போயிருச்சு.

போயிருச்சுன்னா முழுசாப் போகலை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்னுக்கிச்சு. என்ன வார்த்தைங்கறே? "ரைட்டு."

ஆமா கண்ணு. சிரிச்சுக்க, பரவாயில்லை. நானே மொதல்ல சிரிச்சேன். வாயில இருக்கற அத்தனை பேச்சும் போய், விசிலு ஊதிச் சொல்ற வார்த்தை மட்டும் நின்னுக்கிச்சு பாரு. தண்ணி வேணுங்களா? ரைட்டு. வலிக்குதுங்களா? ரைட்டு. ஃபேனைப் போடட்டுங்களா, நிறுத்தட்டுங்களா? ரைட்டு. எம் பொண்ணு கோமதி ஓசூர்ல இருக்கறா. அவ பேசறா பாருங்கன்னு போனைக் காதுல வெச்சா, "ரைட்டு, ரைட்டு, ரைட்டு"ன்னு பொலபொலன்னு கண்ணுல தண்ணி வடியுது. ஆமாங்கறதுக்கும் அதுதான், இல்லைங்கறதுக்கும் அதுதான். நான் எதை எடுத்துக்கறது?

ஆஸ்பத்திரில பேச்சு சொல்லிக் குடுக்கறதுக்குன்னு ஒரு புள்ள இருந்துச்சு. உன்ற வயசுதான் இருக்கும். அது சொல்லுச்சு, "அம்மா, உள்ளுக்குள்ள அவருக்கு எல்லாம் தெரியும். சொல்றதுக்குத்தான் வார்த்தை வர மாட்டேங்குது. அவருக்கு ரொம்பப் பிடிச்சதை எல்லாம் கண்ணு முன்னாடி கொண்டு வாங்க. பாட்டு, பழைய சினேகிதங்க, பிடிச்ச சாப்பாடு. எதுலயாவது ஒண்ணுல வார்த்தை கிளம்பி வரும்."

பிடிச்ச சாப்பாடுன்னதும் எனக்கு வேற எது ஞாபகம் வரும்? இந்தக் கருமந்தான்.

கல்யாணம் ஆகி மொத ஞாயித்துக்கெழமை கண்ணு. பையில என்னமோ கொண்டாந்து அடுப்பங்கரையில வெச்சாரு. ஆட்டுக்கறின்னு நெனச்சுப் பிரிச்சேன். தோலும் கொழுப்புமா வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. என்னதுங்க இதுன்னேன். சொன்னாரு. கத்தின கத்துல அக்கம்பக்கமெல்லாம் ஓடி வந்துருச்சு. அன்னிக்கே பொட்டியைத் தூக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் பெரியவங்க பேசி, அவரும் வந்து கூப்புட்டு, எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாரு. வூட்டுக்குள்ள கொண்டாரக்கூடாது. வூட்டுக்குப் பின்னால பொடக்காலில செங்கல்லு வெச்சு அவரே ஆக்கிக்கோணும். தனிச் சட்டி, தனி வட்டல். தின்னுட்டுத் தலைக்குத் தண்ணி வாத்துட்டுத்தான் உள்ள வரோணும். அத்தனைக்கும் சரி சரின்னாரு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. அந்த விசயத்துல தங்கமான மனுசன்.

ஞாயித்துக்கெழமை ஆனாப் போதும். லுங்கியை மடிச்சுக் கட்டிட்டுப் பொடக்காலில உக்காந்துருவாரு. டைலர் தேவராசு வந்து வெங்காயம் உரிப்பான். அவருக்கு ஒரே சினேகிதம் அவந்தான். மூலத்துக்கு மருந்துன்னு சொல்லிச் சொல்லித் திம்பாங்க. இல்லாத மூலத்துக்கு எத்தனை வருச மருந்து! சின்ன வெங்காயம், வரமொளகா, மஞ்சத்தூளு, கல்லுப்பு, அவ்வளவுதான் போடுவாரு. எண்ணெய் ஒரு சொட்டு ஊத்தமாட்டாரு. நான் பாத்ததில்லை, சன்னலைச் சாத்திக்குவேன். ஆனா அந்த மொளகா கருகற வாசம் சன்னலைச் சாத்தினா நிக்குமா?

ஆக்கி எறக்கினதும் ஒரு சத்தம் வரும். "துளசி, ஒரே ஒரு துண்டு தின்னு பாரு புள்ள. புடிக்கலைன்னாத் துப்பிரு." நான் உள்ளருந்து ரேடியோவைச் சத்தமா வெப்பேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இதே பாட்டு. கோமதி பொறந்து, படிச்சு, கல்யாணம் ஆகிப் போயிட்டா. அவரு ரிட்டயர் ஆயிட்டாரு. பாட்டு மட்டும் மாறலை. "ஒரே ஒரு துண்டு புள்ள." மனுசனுக்கு அலுக்காதா?

ஏனுங்க, வரிசைல வாங்க. நாங்க ரண்டு பொம்பளைக நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா? ஆ, அப்பிடி வாங்க. பாத்தியா, நீயில்லைன்னா நான் இப்பிடிக் கேட்டிருக்க மாட்டேன். மொத மொத இங்க வந்தப்ப முக்காடு போட்டுட்டு அந்தப் போஸ்ட் கம்பத்துக்குப் பின்னால எத்தனையோ நேரம் நின்னேன். கடைக்காரரே பாத்துட்டு, "பொங்கியண்ணன் சம்சாரங்களா? வாங்கம்மா"ன்னு கூப்புட்டாரு. என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியலை. "அண்ணன் வாங்கறதே போடறேனுங்க"ன்னு அவரே வெட்டிக் கட்டிக் குடுத்தாரு. பையைக் கையை நீட்டித் தூரமாப் புடிச்சுட்டே வூடு வந்து சேந்தேன்.

பொடக்காலில எனக்குக் குந்தி உக்கார முடியலை, முட்டி வலி. அதனால என்ன பண்ணினேன் தெரியுமா? என்ற அடுப்புலயே வெச்சேன். என்ற சமையக்கட்டுல, சாமி படம் இருக்கற செவுத்துக்கு நேரா! எங்கம்மா இருந்தா என்னை உசுரோட வெச்சிருக்காது. மூக்குல துணியைக் கட்டிட்டுக் கழுவினேன், வதக்கினேன், வேக வெச்சேன். வூடு பூரா அந்த வாசம். கட்டில்ல படுத்திருந்தவரு தலையைத் தூக்கிப் பாக்கறாரு. கண்ணு ரண்டும் பளபளன்னு இருக்குது. ரைட்டு, ரைட்டுங்கறாரு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. வந்துருச்சு, பேச்சு வந்துருச்சுன்னு நெனச்சேன்.

அந்த அலுமினிய வட்டல்ல போட்டுக் கொண்டு போனேன். தலையணை வெச்சு உக்கார வெச்சேன். மடில வெச்சேன். பாத்தாரு. என்னைப் பாத்தாரு. இடது கையால வட்டலைத் தள்ளினாரு. என்ற பக்கமா.

"ஏனுங்க, வேண்டாங்களா?"

"ரைட்டு."

"உப்புப் பத்தலைங்களா?"

"ரைட்டு."

மறுக்கா மடில வெச்சேன். மறுக்காவும் தள்ளினாரு. சரி, நான் ஆக்கினது புடிக்கலை. மொத வாட்டிதான, தப்பாத்தான் வந்திருக்கும்னு எடுத்துட்டுப் போயிட்டேன். அழுகை வந்துருச்சு. குளிக்கற ரூமுல போயி அழுதேன்.

என்ன கேக்கறே? உப்புப் பாத்தீங்களாவா? நான் எப்பிடிக் கண்ணு உப்புப் பாக்கறது? நான்தான் தொடமாட்டேனே. எல்லாம் மூக்குலயும் கண்ணுலயும் பாத்துக்கறதுதான். ஒருக்கா ஒரு துண்டைக் கரண்டில எடுத்து உதட்டு வரைக்கும் கொண்டு போனேன். பொய் சொல்லலை. எங்கம்மா மொகம் கண்ணு முன்னால வந்து நின்னுருச்சு. சட்டிலயே போட்டுட்டேன். இத்தனை வருசம் சுத்தமா இருந்தாச்சு, இனிமேப் போயி எதுக்கு? அவருக்காக அடுப்புலயே வெச்சிருக்கேன், இதுக்கு மேல ஒரு பொம்பளை என்ன பண்ணுவா, சொல்லு.

அதுக்கப்புறம் வாரா வாரம் வந்துட்டுத்தான் இருக்கேன். மெளகு போட்டேன், தள்ளினாரு. தேங்காய்ச் சில்லு போட்டேன், தள்ளினாரு. கொழம்பாக் கூட வெச்சுப் பாத்தேன். நான் எடுத்து ஊட்டினா ரண்டு வாய் வாங்குவாரு. அப்புறம் வாயை இறுக்கமா மூடிக்குவாரு. வட்டலை என்ற பக்கமாத் தள்ளுவாரு. நான் அந்தப் பக்கம் நகத்துவேன், அவரு இந்தப் பக்கம் தள்ளுவாரு. ரைட்டு, ரைட்டுன்னு கோவம் வேற. கோமதிகிட்டச் சொன்னா, "ஏம்மா, டாக்டரே கொழுப்பு ஆகாதுன்னாரு. அவருக்கும் வேண்டாம், உனக்கும் புடிக்காது, அப்புறம் எதுக்கு ஆக்கறே?"ன்னு கத்தறா. ரண்டு துண்டு தின்னாக் குத்தமில்லைன்னு டாக்டரு சொன்னதை அவ காதுல வாங்கறதில்லை. பேச்சு வரோணும்னுதான் ஆக்கறேன். வேற எதுக்கு?

அப்புறந்தான் ரோசனை பண்ணி டைலர் கடைக்குப் போனேன். தேவராசு மெசினை நிறுத்திட்டு எந்திரிச்சு நின்னான். நான் அவன் கடைவாசலை மிதிச்சதே அதுதான் மொத வாட்டி.

"தேவராசு, அவரு எப்பிடி ஆக்குவாருன்னு உனக்குத்தான் தெரியும். ஒருக்கா வந்து ஆக்கிக் குடு"ன்னேன்.

"நானே வரோணும்னுதானுங்கக்கா இருந்தேன். நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு தானுங்க"ன்னான்.

ஞாயித்துக்கெழமை வந்தான். அதே பொடக்காலி, அதே செங்கல்லு, அதே இரும்புச் சட்டி. அவரைச் சேர்ல தூக்கி உக்கார வெச்சு, பொடக்காலிக் கதவோரமாப் போட்டோம். பாத்துட்டே இருந்தாரு. தேவராசு மொளகாயைக் கிள்ளறப்ப, போதும்ங்கற மாதிரி இடது கையைத் தூக்கினாரு. அவனும், "சரிண்ணா, போதும்ண்ணா"ங்கறான். அப்பிடி ஒரு ஒத்துமை. எனக்கு வயிறு குளுந்து போச்சு. இன்னிக்குத் தின்னுருவாரு, பேசிருவாருன்னு நெனச்சேன்.

தேவராசு எறக்கினான். அவனே ஒரு சின்ன வட்டலை எடுத்தான். கொழுப்பில்லாத துண்டாப் பாத்துப் பொறுக்கினான். கத்தில இன்னும் பொடிசா நறுக்கினான். அதைத் தனியா மூடி வெச்சான்.

"இது யாருக்கு?"ன்னேன்.

"உங்களுக்குத்தானுங்கக்கா. அண்ணன் எப்பவும் மொதல்ல இதைத்தானுங்க எடுத்து வெப்பாரு. அவளுக்குக் கொழுப்பு ஆகாதுடா, பெரிய துண்டாப் பாத்தா பயந்துக்குவாம்பாரு. நாங்க தின்னு முடிக்கற வரைக்கும் மூடியே இருக்குமுங்க. கடைசில நாய்க்கு வெச்சிருவாருங்க."

பாரு கண்ணு, எத்தனை வருசம்! வாரா வாரம் நல்ல கறியை எடுத்து மூடி வெச்சு நாய்க்குப் போட்டிருக்காரு. நான் வரமாட்டேன்னு தெரியும். தெரிஞ்சும் பண்ணியிருக்காரு. சொன்னாக் கேக்காத மனுசன். அப்பிடி ஒரு புடிவாதம்.

சரி, வட்டலை அவரு மடில வெச்சேன். ரண்டு துண்டு அவரே இடது கையால எடுத்துத் தின்னாரு. அழுதாரு. அப்புறம் அதே மாதிரி, வட்டலை என்ற பக்கமாத் தள்ளினாரு. எனக்கு வெறுத்துப் போச்சு. "ஏன் தேவராசு, நீ பண்ணியும் புடிக்கலையே"ன்னேன். அவன் வாயில போட்டுப் பாத்துட்டு, "கறில ஒரு கொறையும் இல்லீங்கக்கா. அப்பிடியே அண்ணன் கைப்பக்குவம்"ன்னான். என்ற மொகத்தைப் பாத்தான், அவரு மொகத்தைப் பாத்தான். என்னமோ சொல்ல வந்தான். சொல்லாமச் சட்டையைப் போட்டுட்டுப் போயிட்டான். அவனுக்கும் தெரியலை போல.

அதுக்கடுத்த வாரந்தான் கண்ணு எனக்கு ரொம்பப் பயமாப் போச்சு. நான் ஆக்கிக் கொண்டு போயி உக்காந்தேன். வட்டலைத் தள்ளலை. ஒரு துண்டை எடுத்தாரு. ரொம்ப நேரமாத் தேடிச் சின்னத் துண்டா எடுத்தாரு. இடது கையால மெல்ல மெல்லத் தூக்கினாரு. அவரு வாய்க்குக் கொண்டு போகலை. என்ற வாய்க்கு நேரா நீட்டறாரு. கொழுப்பு முழங்கை வரைக்கும் வடியுது. "ரைட்டு"ங்கறாரு. கோவமா இல்லை, மெதுவா. கொழந்தைகிட்டச் சொல்ற மாதிரி. "ரைட்டு."

அந்த ஆஸ்பத்திரிப் புள்ள சொல்லியிருந்துச்சு, சில பேருக்கு எடம் வலம் கொழம்பிப் போகும்னு. அதுதான்னு நெனச்சேன். தன்ற வாய் எது, என்ற வாய் எதுன்னே தெரியாமப் போச்சே சாமின்னு மொகத்தைத் திருப்பிட்டேன். திருப்பாம என்ன பண்றது? உதட்டுல படப் பாத்துச்சு. அப்புறம் அந்தத் துண்டை அவரு கையிலருந்து வாங்கி வட்டல்ல போட்டுட்டு, சுடுதண்ணி கொண்டாந்து, சோப்புப் போட்டு அந்தக் கையை நல்லாக் கழுவித் தொடச்சு வுட்டேன். வெரல் இடுக்கெல்லாம் தொடச்சேன். நான் அவரை அழுக்கா வெக்கறதில்லை. அத்தனை நேரமும் என்னையே பாத்துட்டு இருந்தாரு.

நீ ஏன் கண்ணு கண்ணைத் தொடைக்கறே? தூசியா? தோலை வாட்டற இந்தக் கரிப் பொகை ஆகாது. இங்குட்டு வா, காத்து இந்தப் பக்கம் அடிக்குது.

போன ஞாயித்துக்கெழமை நடந்ததைச் சொல்லிர்றேன், உன்ற முறை வந்துரும். எப்பவும் போல ஆக்கிக் கொண்டு போனேன். வட்டலைத் தள்ளப் போறாருன்னு நான் கையை வெச்சுப் புடிச்சுட்டே இருந்தேன். தள்ளலை. ஊட்டினேன், வாயைத் தொறந்தாரு. மென்னாரு, முழுங்கினாரு. மறுக்கா ஊட்டினேன், மறுக்காவும் தொறந்தாரு. வட்டல் காலி கண்ணு. ஒரு துண்டு மிச்சமில்லை. மாத்திரை முழுங்கற மாதிரி முழுங்கினாரு. என்னைப் பாக்கவே இல்லை.

"நல்லா இருந்துச்சுங்களா?"ன்னு கேட்டேன். ரைட்டுன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லலை. செவுத்துப் பக்கமாத் திரும்பிட்டாரு.

அதுலருந்து அந்த ஒரு வார்த்தையும் இல்லை. தண்ணி வேணுங்களான்னாக் கம்முனு இருக்காரு. குடுத்தாக் குடிக்கறாரு. கோமதி போன்ல வந்தாலும் கம்முனு இருக்காரு. அழறதும் இல்லை. கோமதி என்னடான்னா, "அப்பா முழுசாச் சாப்புட்டாரா? அலும்பு பண்ணலையா? நல்லதாப் போச்சும்மா"ங்கறா. பக்கத்து வூட்டுக்காரங்களும் தேறிட்டாருங்கறாங்க. நானும் அப்பிடித்தான் நெனைக்கோணும். தின்னோணும்னுதான இத்தனை பாடுபட்டேன்? ஆனா என்னமோ என்ற கையை வுட்டுப் போயிட்ட மாதிரி இருக்குது. என்னன்னுதான் தெரியலை. யாருகிட்டக் கேக்கறது? அவருகிட்டத்தான் கேக்கோணும், அவருதான் சொல்ல மாட்டாரே.

கடைக்காரரு உன்னைத்தான் கேக்கறாரு, சொல்லு. கால் கிலோவாப் போடுங்க, இந்தப் புள்ளைக்கு நல்ல துண்டாப் பாத்துப் போடுங்க.

இன்னிக்கு நான் ஒண்ணு நெனச்சிருக்கேன் கண்ணு. சிரிக்காத. உப்பை அள்ளிப் போட்டுறலாம்னு இருக்கேன். கையில வர்றதை அப்பிடியே, வாயில வெக்க முடியாத அளவுக்கு. மொத வாயிலயே கோவம் வந்துரும். வந்தா, வட்டலைத் தள்ளுவாரில்ல? என்ற பக்கமா ஒரு தள்ளுத் தள்ளினாப் போதும். தள்ளுவாரில்ல கண்ணு?